மலை வீட்டில் ஓதம், குளிர், புகை: கேள்வி பதில்

எனக்குச் சொந்த ஊர் நீலகிரி மலையில் கோத்தகிரி. கட்டடக்கலை சொல்லிக்கொடுக்கிறேன். சுவரும் கூரையும் அடுப்பும் உள்ளே இருப்பவர்களின் உடம்பை என்ன செய்கின்றன என்பதுதான் பல வருடமாக என் ஆராய்ச்சி. மலையில் குடியிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (குன்னூர்): மேடம், வீடு கட்டி நாலு வருஷம்தான் ஆச்சு. பீரோவை நகர்த்தினால் பின்னாடி சுவர் முழுக்கக் கருப்பாகப் பூசணம். ஓதம் தாங்கும் பெயின்ட் மூணு தடவை அடித்தாச்சு. பையனுக்கு இளைப்பு வேறு. மொட்டைமாடியில் கசிவு என்கிறார் மேஸ்திரி. சரியா?

பதில்: பெயின்ட் அடிப்பதை நிறுத்துங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்வோம். ஓர் அடிக்கு ஓர் அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் ஈரம் கோத்திருந்தால் அது சுவர் வழியாக வருகிறது, மேஸ்திரி சொல்வதில் விஷயம் இருக்கலாம். அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் அது உங்கள் வீட்டுக் காற்றிலிருந்த நீர். பீரோவுக்குப் பின்னால் மட்டும் என்று நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் எனக்கு இரண்டாவதாகத்தான் படுகிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளர் வெளியே வேர்க்கிறதல்லவா, அதேதான் இதுவும். சமையல், குளியல், உள்ளே காயப்போட்ட துணி, நாம் விடும் மூச்சு எல்லாம் சேர்ந்து நாலு பேர் இருக்கும் வீட்டில் தினமும் பத்து லிட்டர் வரைக்கும் நீர் காற்றில் கலக்கிறது. வெளியே போக வழியில்லாவிட்டால் வீட்டிலேயே குளிர்ந்த மூலையாகப் பார்த்து அது படியும். அறையின் சூடு எட்டிப்பார்க்காத பீரோ இடுக்கு அப்படிப்பட்ட மூலை.

பீரோவை உள்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள், இடமில்லையென்றால் நாலு விரற்கடையாவது தள்ளி வையுங்கள். சமைக்கும்போதும் குளித்து முடித்த பிறகும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். பூசணத்தைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள், மாஸ்க் போட்டுக்கொண்டு, பையன் அந்த அறையில் இல்லாதபோது. அவன் கட்டிலும் வெளிச்சுவரை ஒட்டியிருந்தால் இன்றைக்கே நகர்த்திவிடுங்கள். டாக்டரிடம் போகும்போது இந்தப் பூசணத்தின் போட்டோவையும் காட்டுங்கள், பல பேர் அதைச் சொல்வதே இல்லை.

கேள்வி (அவரே): ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் உள்ளே வந்து இன்னும் ஈரமாகாதா?

பதில்: எல்லோருக்கும் வருகிற சந்தேகம். 12 டிகிரிப் பனிமூட்டக் காற்று ஒரு கனமீட்டருக்கு 11 கிராம் அளவுக்குத்தான் நீராவி தாங்கும். அதே காற்று வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடானால் 17 கிராம் வரை தாங்கும், அதாவது உங்கள் ஈரத்தை உறிஞ்ச அதில் இடம் இருக்கிறது. அதனால் எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிடம் நன்றாகத் திறந்துவிட்டு மூடுங்கள். ஆனால் உள்ளேயும் அதே 12 டிகிரி என்றால் இந்த வழி பலிக்காது. சூடில்லாத வீட்டை உலர்த்துவது ரொம்பக் கஷ்டம், கீழே லைன் வீட்டை, அதாவது எஸ்டேட் தொழிலாளர்கள் இருக்கும் வரிசை வீட்டைப் பற்றிய கேள்வியில் இது திரும்ப வரும்.

கேள்வி (ஊட்டி, ஹோம்ஸ்டே நடத்துபவர்): கெஸ்ட்டுகள் ராத்திரி அறைக்குள் கரி போட்ட குமுட்டி கேட்கிறார்கள். ஜன்னலில் கொஞ்சம் இடுக்கு விட்டால் போதுமா?

பதில்: போதாது. கொடுக்கவே கொடுக்காதீர்கள். கரி புகையாமல் செக்கச்செவேலென்று கனலும்போதுதான் ஆபத்து இல்லை என்று தோன்றும், அப்போதும் அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். மணம் இல்லை, நிறம் இல்லை, தூங்குகிறவருக்கு விழிப்பே வராது. இந்த மலையிலும் கொடைக்கானலிலும் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. கூடுதலாக ஒரு ரஜாய், வெந்நீர்ப் பை கொடுங்கள். காற்றோட்டமில்லாத பாத்ரூமில் கேஸ் கீசர் வைத்திருந்தால் அதையும் வெளியே மாற்றுங்கள், அதுவும் இதே ஆபத்துதான்.

கேள்வி (பந்தலூர்): அம்மா எஸ்டேட் லைன் வீட்டில் இருக்காங்க. பசுமைக் கட்டடம் என்று நீங்கள் எல்லாம் பேசுவது ரிசார்ட்டுக்கும் பங்களாவுக்கும்தானே மேடம்? எங்களுக்கு அதில் என்ன இருக்கு?

பதில்: தம்பி, நியாயமான கோபம். என் வேலையில் பாதி இந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

ஒரு ஜூலை மாதம், விடிகாலை, ஒரு லைன் வீட்டுக்குத் தெர்மாமீட்டரோடு போயிருந்தேன். வெளியே 12 டிகிரி, உள்ளே 13. குளிர் பிரதேசங்களில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. தகர ஷீட்டின் அடிப்பக்கம் முழுக்க நீர்த்துளி, பாட்டி படுத்திருந்த இடத்துக்கு நேர் மேலே இருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஏழாவது படிக்கிற பெண் தன் நோட்டுகளை எல்லாம் அரிசி டின்னுக்குள் வைத்து மூடியிருந்தாள். வெளியே வைத்தால் ஓரம் நமத்துப் பேனா மை ஊறிவிடுகிறதாம். இருந்த ஒரே ஜன்னலையும் சாக்கு வைத்து அடைத்திருந்தார்கள், பின்னே குளிருக்கு என்ன செய்வார்கள்? அடுப்புப் புகை உள்ளேயே சுற்றியது.

எஸ்டேட்தான் வீடு கொடுக்க வேண்டும் என்று 1951 தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. ஆனால் செலவு செய்ய வேண்டியவர் ஒருவர், இருமுகிறவர் வேறொருவர் என்று இருக்கும் இடத்தில் பழுது தள்ளிக்கொண்டே போகும். அதனால் பழுதை எழுத்தில் கொடுங்கள், அம்மா மட்டும் தனியாகப் போகாமல் லைன் முழுக்கச் சேர்ந்து, வெப்பநிலை குறித்த தாளோடும் போட்டோவோடும்.

கொஞ்சம் பணம் கிடைத்தால் முதலில் ஷீட்டுக்குக் கீழே இடைவெளி விட்டு ஒரு சீலிங். அறைச் சூடு நிற்கும், சொட்டுவது குறையும், அந்த இடைவெளி இரண்டு முனையிலும் காற்று போக வழியோடு இருக்கட்டும். ஷீட் ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால் அதில் துளை போடவோ அறுக்கவோ கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். அடுத்தது பின்சுவர். சரிவை வெட்டிக் கட்டிய லைன்களில் மண் பின்சுவரில் சாய்ந்தே கிடக்கும். அதைத் தள்ளிவிட்டு ஒரு வாய்க்கால் வெட்டினால் பாதி ஓதம் போய்விடும். அப்புறம் அடுப்புக்கு மேலே புகைபோக்கி. இவ்வளவும் செய்ய ஆகிற செலவு ஒரு ரிசார்ட் வரவேற்பறைக் கண்ணாடியை விடக் குறைவு. பசுமை என்று ஒதுக்குகிற பணம் முதலில் இங்கே வர வேண்டும் என்று நான் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கேள்வி (கோத்தகிரி): புதிதாகக் கட்டுகிறேன். ஜன்னல் எந்தப் பக்கம்?

பதில்: கிழக்கிலும் தெற்கிலும் பெரிதாக. நம் மலையில் காலையில்தான் வானம் தெளிவு, மதியத்துக்கு மேல் மூடிக்கொள்ளும். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் அந்தப் பக்கமும் வெயில் உள்ளே வரும். ஆனால் கோத்தகிரிக்குச் சாரல் அடிப்பது பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில், அதனால் கிழக்கு ஜன்னலுக்குச் சன்ஷேடு அகலமாக வையுங்கள். கூடலூர்க்காரர்கள் இதையே தென்மேற்குக்குச் செய்ய வேண்டும். பள்ளத்தின் அடியில் வீடு வேண்டாம், ராத்திரி குளிர்காற்று இறங்கி அங்கேதான் தேங்கும், உறைபனியும் அங்கேதான் முதலில் விழும்.

கேள்வி (குன்னூர்): சரிவான மனை. ஜேசிபி வைத்துச் சமமாக வெட்டித் தடுப்புச்சுவர் கட்டினால் போதும் என்கிறார் கான்ட்ராக்டர்.

பதில்: 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. இவற்றை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள். தடுப்புச்சுவரைத் தள்ளுவது மண்ணை விட, மண்ணுக்குள் தேங்கும் தண்ணீர்தான். நீர் வடியத் துளைகளும் சுவருக்குப் பின்னால் ஜல்லியும் இல்லையென்றால் எவ்வளவு கனமான சுவரும் ஒரு மழையில் சாயலாம். முடிந்தவரை வெட்டாமல், சரிவோடு படிப்படியாக இறங்குகிற மாதிரி கட்டுங்கள். உங்களுக்குக் கீழே யார் வீடு இருக்கிறது என்று போய்ப் பாருங்கள், உங்கள் மண் சரிந்தால் அவர்கள் மேல்தான் விழும்.

கேள்வி (ஊட்டி, மாணவி): தோடர் பழங்குடியினரின் வீடு மாதிரியே எல்லோருக்கும் கட்டலாமே மேடம்?

பதில்: மூங்கிலை வளைத்துப் பிரம்பால் கட்டி மேலே புல் வேய்ந்த அந்த வீட்டில் வாசல் தவழ்ந்து நுழையும் அளவுக்குத்தான். சூடு வெளியே போக வழியே கிடையாது, மழையும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். சிறிய அறை, தடித்த கூரை, சின்ன வாசல் என்ற அந்த அறிவை எடுத்துக்கொள்ளுங்கள். உருவத்தை மட்டும் கான்கிரீட்டில் வார்த்தால் அது குளிர்ந்த குகை. உள்ளே விறகு எரித்தால் புகை நுரையீரலுக்குக் கெடுதல் என்பதையும் மறைக்க வேண்டாம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று இந்த ஆறு சமூகங்களுக்கும் அரசு வீட்டுத் திட்டங்கள் வருகின்றன. வரைபடம் போடும் முன்னால் அடுப்பு எங்கே, கதவு எந்தத் திசை என்று அந்த வீட்டுப் பெண்களிடம் கேட்க வேண்டும்.

கேள்வி (அவரே): இதையே தீசிஸாக எடுக்க ஆசை. எங்கே ஆரம்பிக்க?

பதில்: தெர்மாமீட்டரும் ஈரப்பதமானியும் சேர்ந்த சின்னக் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஹாஸ்டலைப் பெருக்க வருகிற அம்மாவிடம் அனுமதி கேட்டு அவர் வீட்டில் ஒரு வாரம் வையுங்கள், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், அடுப்புக்கும் வெளிச்சுவருக்கும் தள்ளி. இன்னொன்றை உங்கள் அறையில் வையுங்கள். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து, மூன்று வேளையும் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்த அம்மாவுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிட்டு, அப்புறம் என்னை வந்து பாருங்கள்.