பெரோவ்ஸ்கைட் ஆக்ஸிநைட்ரைடு மென்படலம் வளர்ப்பதில் நைட்ரஜன் ஏன் இவ்வளவு படுத்துகிறது?

லேசர் துடிப்புப் படிவு முறையில் (லேசர் துடிப்பால் ஒரு பொருளை ஆவியாக்கி, அதைச் சூடான தளத்தில் படியவைப்பது) வளர்த்த படலத்தில் எதிர்பார்த்த நைட்ரஜன் இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். பெரோவ்ஸ்கைட் என்பது ஒரு படிக அமைப்பு; அதிலுள்ள ஆக்ஸிஜனில் ஒரு பகுதிக்குப் பதிலாக நைட்ரஜன் அமர்ந்தால் அது ஆக்ஸிநைட்ரைடு. நைட்ரஜன் மூலக்கூறின் முப்பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 945 கிலோஜூல் வேண்டும். வெறும் நைட்ரஜன் வாயுவை அறைக்குள் விட்டால் அது பெரும்பாலும் வினைபுரியாமலே வெளியேறிவிடும். ஆக்ஸிஜனோ, எஞ்சிய நீராவியிலிருந்துகூட உள்ளே புகுந்துவிடும். அதனால்தான் பிளாஸ்மாவில் பிளந்த நைட்ரஜனையோ அம்மோனியாவையோ பயன்படுத்துகிறார்கள். தளத்தின் வெப்பத்தைக் கூட்டினால் படிக ஒழுங்கு மேம்படும். ஆனால் நைட்ரஜன் கழன்று போகும். இரண்டுக்கும் நடுவே உள்ள குறுகிய இடைவெளியைப் பொறுமையாகத் தேடுவதுதான் உண்மையான வேலை.

இத்தனை பாடும் எதற்கு? நைட்ரஜனின் மின்னெதிர்த்தன்மை, அதாவது எலக்ட்ரான்களைத் தன்பக்கம் இழுக்கும் திறன், ஆக்ஸிஜனைவிடக் குறைவு. அதன் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களின் 2பி ஆற்றல் மட்டங்கள் மேலே இருப்பதால் இணைதிறன் பட்டை (எலக்ட்ரான்கள் நிறைந்த ஆற்றல் பட்டை) உயர்ந்து, அதற்கும் மேலுள்ள வெற்றுப் பட்டைக்கும் நடுவிலுள்ள பட்டை இடைவெளி சுருங்குகிறது. நைட்ரஜன் இல்லாத பெரோவ்ஸ்கைட்டான ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டில் இந்த இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட். லாந்தனம் டைட்டானியம் ஆக்ஸிநைட்ரைடில் சுமார் 2.1. முன்னது புற ஊதாவை மட்டுமே உறிஞ்சும், பின்னது கண்ணுறு ஒளியையும் உறிஞ்சும். சூரிய ஒளியால் நீரைப் பிளக்க விரும்புவோருக்கு இது பெரிய வரம்.

அளவிடும்போது ஒரு எச்சரிக்கை: எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு (எக்ஸ் கதிர்கள் படிக அணுக்களில் பட்டுச் சிதறும் விதத்தை அளப்பது, XRD) படிக அமைப்பைக் காட்டும், ஆனால் ஆக்ஸிஜனையும் நைட்ரஜனையும் பிரித்தறிய அதை நம்பாதீர்கள். இரண்டின் எலக்ட்ரான் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒன்றே. நைட்ரஜன் அளவுக்கு, வேகமான அயனிகளைப் படலத்தில் மோதவிட்டுத் தனிமங்களை அளக்கும் அயனிக்கற்றைப் பகுப்பாய்வு செய்யுங்கள். படலத்தின் நிறத்தையும் பாருங்கள். அது வெளிறியிருந்தால் நைட்ரஜன் குறைந்திருக்கிறதோ என்று முதலில் சந்தேகிப்பேன்.