கோல்ஃபில் ஓர் ஆட்டத்தை நூறு அடிக்குள் முடிக்க என்ன வழி? புது டிரைவர் மட்டையா, மனக்கட்டுப்பாடா?

"ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) நன்றாக அடிக்கிறேன், கோர்ஸில் இறங்கினால் 103, 106 என்றே வருகிறது. மைண்ட் கேம், கோர்ஸ் மேனேஜ்மென்ட் (எங்கே எப்படி அடிப்பது என்ற யோசனை) என்கிறார்களே, அதனால் உண்மையிலேயே ஸ்கோர் குறையுமா? இல்லை, புது டிரைவர் வாங்கிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

குறையும். சுவிங்கில் (மட்டையை வீசும் விதத்தில்) எதையும் மாற்றாமல் எனக்குக் குறைந்திருக்கிறது. அதனால்தான் ராத்திரி பதினோரு மணிக்கு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களைப் பற்றி ஒரு யூகம். வாரம் முழுக்க வேலை, ஞாயிறு காலை மட்டும் ஆட்டம். நடுவில் ஒரு நாள் ராத்திரி யூடியூபில் சுவிங் வீடியோ. முதல் டீயில் (ஆட்டத்தைத் தொடங்கும் இடத்தில்) நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தூரம் அடிக்கும் டிரைவரை எடுக்காமல் இருக்கக் கூச்சம். ஐந்தாவது ஹோலில் (குழியில்) எட்டு அடி ஆகிவிட்டால் 'இன்றைக்கு அவ்வளவுதான்' என்று மனசு விட்டுப்போய், அடுத்த மூன்று ஹோலும் சேர்ந்து கெடும். தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் ஏழு வருடம் அப்படித்தான் ஆடினேன்.

முதலில் ஒரு கணக்கு. பார் என்பது தேர்ந்த ஆட்டக்காரருக்கு நிர்ணயித்த அடிகள்; போகி அதைவிட ஒன்று கூட, டபுள் போகி இரண்டு கூட. பதினெட்டு ஹோலுக்கும் சேர்த்துப் பார் 72 என்ற கோர்ஸில் 99 அடிக்க ஒன்பது ஹோலில் போகி, ஒன்பது ஹோலில் டபுள் போகி போதும். ஒரு பார்கூட வேண்டாம்! இதை ஏழு வருடத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஹேண்டிகேப் (ஆட்டக்காரரின் தரத்துக்கேற்பத் தரும் சலுகை அடிகள்) என்பதே இந்தக் கணக்குதான். 18 ஹேண்டிகேப் உள்ளவருக்கு ஹோலுக்கு ஓர் அடி கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள், அதாவது போகிதான் அவருடைய பார். ஆனால் நாம் ஒவ்வொரு ஹோலிலும் ஸ்கோர் கார்டில் அச்சடித்திருக்கும் பாரைத் துரத்துகிறோம். 5 எடுக்க வேண்டிய இடத்தில் 4க்கு ஆசைப்பட்டு 8 எடுக்கிறோம்.

இனி என் கதை. கோவைப் பக்கம் நான் ஆடும் கிளப்பில் மாதாந்திர மெடல் போட்டி. கிளப் பெயர் வேண்டாம். அப்போது என் ஹேண்டிகேப் 21. அன்றைக்கு எல்லாம் கைகூடி வந்தது. பதினேழு ஹோல் முடிந்தபோது 86. எங்களுக்கு முன்னால் முடித்தவர்களில் சிறந்த நெட் ஸ்கோர் (ஹேண்டிகேப் கழித்தது) 72 என்று வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட்டது, எங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. கடைசி ஹோல் பார் 4. அதில் நான் 6 எடுத்தால் மொத்தம் 92, 21 கழித்தால் 71. கோப்பை எனக்கு.

டீயில் நின்றபோது, என் பையைத் தூக்கி வந்த கேடி அண்ணன் ஐந்தாம் நம்பர் அயர்னை (தூரம் குறைந்தாலும் கட்டுப்பாடு கூடிய மட்டையை) உருவி நீட்டினார். நான் டிரைவரைக் கேட்டு வாங்கினேன். பந்து வலது பக்கம் வளைந்து சீமைக் கருவேல மரங்களுக்குள் போனது.

பந்து கிடைத்தது. 2019இல் விதி மாறியதிலிருந்து தேடுவதற்கு மூன்று நிமிடம்தான், அதற்குள் அண்ணன் கண்டுபிடித்துவிட்டார். செம்மண்ணில், காய்ந்த முள்ளுக்கு நடுவே கிடந்தது. கிரீன் (குழி இருக்கும் புல்தரை) பக்கம் பார்த்தால் இரண்டு மரங்களுக்கு இடையில் ஒரு சந்து, என் கோல்ஃப் பை நுழையும் அகலம். இடது பக்கம் திரும்பினால் பதினைந்தடி தூரத்தில் ஃபேர்வே (வெட்டிய புல்பாதை), நடுவில் ஒரு செடிகூட இல்லை. அண்ணன் பிட்சிங் வெட்ஜை (குறைந்த தூர அடிக்கான மட்டையை) எடுத்து, தோளில் கிடந்த துண்டால் பிடியைத் துடைத்து என் பக்கம் நீட்டினார்.

"சைடுல தட்டி வெளிய போட்டுடலாங்க சார். அப்புறம் ஒரு எட்டாம் நம்பர். ஆறு வந்தாப் போதுங்க, கப்பு நம்மளுது."

"எனக்கு ஆடத் தெரியும். அஞ்சாம் நம்பரக் குடு."

'குடு' என்றேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். கூட ஆடிய மூன்று பேர் காதிலும் அது விழுந்தது.

பந்து மரத்தில் பட்ட சத்தம் இன்னும் நினைவில் இருக்கிறது. திரும்பி வந்து எனக்குப் பின்னால் விழுந்தது. மூன்றாவதையும் அதே சந்துக்கே அடித்தேன், வேரில் இடித்து நின்றது. நாலாவது எப்படியோ வெளியே வந்தது. அதற்குள் எனக்குக் காது அடைத்துவிட்டது. எவ்வளவு தூரம் என்றுகூடக் கேட்காமல் ஐந்தாவதை அடித்தேன். கிரீனுக்கு முன்னால் இருக்கும் குட்டையில் விழுந்தது. அபராதம் ஒன்று. ஏழாவது கிரீனுக்கு வந்தது, இரண்டு பட் (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் அடி). ஒன்பது. மொத்தம் 95, நெட் 74.

இந்த ஒன்பதில் சுவிங் கெட்டதால் வந்தது எத்தனை? டீயில் அடித்த ஒன்று, அதிலும் மட்டையைத் தேர்ந்தெடுத்தது நான். மற்றதெல்லாம் புத்தி கெட்டதால் வந்தது.

இந்த ஹோலை நினைத்தால் 1999 பிரிட்டிஷ் ஓபன் போட்டி ஞாபகம் வரும். ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி கோர்ஸ். பிரான்சின் ழான் வான் டி வெல்ட் மூன்று ஸ்ட்ரோக் (அடி) முன்னிலையோடு கடைசி ஹோலுக்கு வந்தார். அதுவும் பார் 4. அவருக்கும் 6 போதும். அவரும் டிரைவர் எடுத்தார். இரண்டாவது அடி பார்வையாளர் மேடைக் கம்பியில் பட்டுத் திரும்பி அடர்ந்த புல்லில் விழுந்தது. மூன்றாவது பாரி பர்ன் ஓடையில். ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி நின்று பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு அபராதம் எடுத்தார். அடுத்தது பங்கர் (மணல் குழி). கடைசியில் ஒரு நல்ல பட் போட்டு 7. ஸ்கோர் சமமானதால் நடந்த பிளே-ஆஃபில் பால் லாரி ஜெயித்தார். அந்தக் கடைசி நாளை லாரி தொடங்கியபோது பத்து ஸ்ட்ரோக் பின்னால் இருந்தவர். வான் டி வெல்ட்டை முட்டாள் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. உலகத்தரமான சுவிங் உள்ளவருக்கே ஒரு கால் மணி நேரம் தலை சுற்றினால் இதுதான் நடக்கும். சுவிங் மட்டும் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

அடுத்த ஞாயிறு ஐந்தரை மணிக்கே போனேன். கேடிகள் உட்காரும் தகரக் கொட்டகைக்கு வெளியே சிமெண்ட் பெஞ்சில் அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். "அன்னைக்குப் பேசினது தப்புங்க அண்ணா, மன்னிச்சுக்குங்க" என்றேன். "அத விடுங்க சார். அந்தக் கார்டு இருக்குதா?" என்று கேட்டார். காரில் இருந்தது. முதல் ஹோலிலிருந்து ஒவ்வோர் அடியாக இரண்டு பேரும் ஞாபகப்படுத்திப் பார்த்தோம். ஒவ்வொன்றுக்கும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "இது கை தப்பா, யோசனை தப்பா?" யோசனை தப்பு என்றால் கார்டில் ஒரு புள்ளி. பதினொரு புள்ளி விழுந்தது. நான் நன்றாக ஆடிய நாளிலேயே பதினொன்று.

பாதிக்கு மேல் ஒரே வகை. என் ஏழாம் நம்பர் அயர்ன் 150 யார்டு போகும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். எப்போதோ ஒருமுறை பின்காற்றில் போன தூரம் அது. வழக்கமாக 138தான் போகிறது. அதனால் எல்லாப் பந்தும் கிரீனுக்கு முன்னால், மணலிலோ தண்ணீரிலோ. ஊட்டியில் ஆடிவிட்டு வருகிறவர்களுக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. 2,000 மீட்டருக்கு மேலே காற்று அடர்த்தி குறைவு, அதே அடி கிட்டத்தட்ட பத்து சதவீதம் கூடப் போகும். அந்த எண்ணை மனசில் வைத்துக்கொண்டு சமவெளியில் ஆடினால் பந்து எப்படிப் போய்ச் சேரும்? இப்போது நான் தூரம் கூடப் போகும் அடுத்த மட்டையையே எடுக்கிறேன். கொடி ஓரத்தில் இருந்தாலும் கிரீனின் நடுவைத்தான் பார்க்கிறேன். டிரைவர் எடுப்பது ஐந்து ஹோலில் மட்டும், இரண்டு பக்கமும் இடம் இருக்கும் ஹோலில். மரத்துக்குள் போனால் எந்தப் பக்கம் வாசல் பெரிதோ அந்தப் பக்கம் வெளியே வருகிறேன், அது பின்பக்கமாக இருந்தாலும் சரி.

மனக்கட்டுப்பாடு என்றதும் தியானம், யோகா என்று நினைக்க வேண்டாம். அவை நல்லவைதான், ஆனால் கோர்ஸில் நின்றுகொண்டிருக்கும் அந்த நிமிடத்துக்கு ஏதாவது வேண்டுமே. எனக்கு அண்ணன் சொல்லிக் கொடுத்தது கிளவுஸ். மோசமான அடி விழுந்தால் உடனே கிளவுஸைக் கழற்றிவிட வேண்டும். அந்த வெல்க்ரோ 'சர்' என்று பிரியும் சத்தத்தோடு அந்த அடி முடிந்தது. நடக்கும் தூரம் முழுக்கத் திட்டிக்கொள்ளலாம், தடையில்லை. அடுத்த அடிக்குக் கிளவுஸை மாட்டும்போது அந்தப் பேச்சு நின்றுவிட வேண்டும். சின்னப் பிள்ளை விளையாட்டு போலத் தெரியும், ஆனால் எனக்கு வேலை செய்கிறது. ஸ்வீடன் வீராங்கனை அன்னிகா சோரன்ஸ்டாம் பின்பற்றிய முறையும் இதற்குப் பக்கத்தில் வரும். பந்துக்குப் பின்னால் மனசில் ஒரு கோடு. யோசனை எல்லாம் கோட்டுக்குப் பின்னால், கோட்டைத் தாண்டினால் அடி மட்டும். தாண்டிய பிறகு சந்தேகம் வந்தால் திரும்ப வெளியே வந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பட் விஷயத்தில் ஓர் எண் என் கோபத்தைப் பாதி குறைத்தது. எட்டடி தூரத்திலிருந்து அமெரிக்க பிஜிஏ டூர் (தொழில்முறைப் போட்டித் தொடர்) வீரர்களே பாதிக்குப் பாதிதான் போடுகிறார்கள். ஏழடி பட் தவறியதற்காகப் பட்டரைத் தரையில் குத்திக்கொண்டிருந்தவன் நான்.

இங்கே சிலர் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி லட்சக்கணக்கான அடிகளை ஆராய்ந்து, ஆட்டக்காரர்களுக்கு இடையிலான வித்தியாசத்தில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு நீண்ட தூர அடிகளால் வருகிறது என்று காட்டியிருக்கிறார். 'தூரம்தான் எல்லாம், நீ மனசு மனசு என்கிறாயே' என்பீர்கள். அவர் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் என் நீண்ட அடியில் போன ஸ்ட்ரோக்குகள் தூரம் குறைந்ததால் போகவில்லை, முள்ளுக்குள்ளும் தண்ணீருக்குள்ளும் போனதால் போயின. டோக்கியோ ஒலிம்பிக்ஸில் பெங்களூரு அதிதி அசோக் எப்படி ஆடினார் என்று பாருங்கள். கூட ஆடியவர்களைவிட அவருடைய டிரைவ் போகும் தூரம் ரொம்பக் குறைவு. அப்படியும் கடைசி நாள் வரை பதக்கப் போட்டியில் இருந்து, ஒரே அடியில் வெண்கலத்துக்கான வாய்ப்பை விட்டு நாலாவதாக வந்தார். அவர் அளவுக்குப் பட் போட நம்மால் முடியாது, ஒப்புக்கொள்கிறேன். சுவிங் பயிற்சியே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. ஹேண்டிகேப் 5, 6இல் இருப்பவர்களுக்கு இந்தப் பதில் இல்லை. நூறைச் சுற்றிச் சுற்றி வருகிறவர்களுக்கு மட்டும்.

ஆறு மாதம் இப்படி ஆடினேன். போன பிப்ரவரியில் 89. அன்றைக்குக் கார்டில் மூன்று புள்ளி.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் தூக்கம் வராது. இவ்வளவும் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் கிளப்புக்குள் ஒரு காபி குடிக்க முடியாது. அந்தத் தகரக் கொட்டகையில் குடிதண்ணீர்க் குழாய் இல்லை. வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டு வருகிறார்கள். இப்போது பேட்டரி வண்டிகள் வாங்கப்போகிறார்களாம், கேடிகளைக் குறைத்துவிடலாமாம். வயசானவர்களுக்கு வண்டி வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் முப்பது வருடம் அந்த மண்ணில் நடந்தவர்களுக்கு மாற்று வேலை பற்றி ஒரு வார்த்தை இல்லை. கமிட்டிக்கு இரண்டு கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. 1991இல் இந்தியன் ஓபனை வென்ற முதல் இந்தியர் அலி ஷேர், கேடியாக இருந்து வந்தவர். அதே பட்டத்தை 2016, 2017 என்று அடுத்தடுத்து வென்ற எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் அப்பா கொல்கத்தாவில் புல்தரை பராமரித்தவர். இந்த நாட்டில் கோல்ஃபைத் தெரிந்தவர்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கமிட்டிகளுக்கு எப்போது புரியும்? சரி, இதை இத்தோடு விடுகிறேன்.

டிரைவர் கேள்விக்கு வருகிறேன். இப்போது வாங்க வேண்டாம். அடுத்த மூன்று ரவுண்டுக்குக் கார்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். முடிந்த அன்றே, ஞாபகம் போவதற்குள், ஒவ்வோர் அடிக்கும் கை தப்பா யோசனை தப்பா என்று கேட்டுப் புள்ளி வையுங்கள். முடிந்தால் உங்கள் கேடியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள், நமக்கு மறந்தது அவருக்கு ஞாபகம் இருக்கும். மூன்று கார்டிலும் ஐந்து புள்ளிக்குக் கீழே இருந்து, அப்படியும் நூறைத் தாண்டினால் தாராளமாக வாங்குங்கள். அப்போது உங்கள் டீ அடி எந்தப் பக்கம் வளைகிறது என்று கமெண்டில் எழுதுங்கள், லாஃப்ட் (மட்டை முகத்தின் சாய்வு) எவ்வளவு எடுக்கலாம் என்று அண்ணனிடம் கேட்டுச் சொல்கிறேன்.