பச்சையாப் போன நீச்சல் குளம்: கேளுங்க, சொல்றேன்

வடகிழக்குப் பருவமழை ஓய்ஞ்சு தை பொறந்தா எனக்குப் போன் அடிக்க ஆரம்பிச்சுடும். ஈசிஆர்ல வீட்டைப் பூட்டிட்டுப் போனவங்க, துபாய்லேர்ந்து லீவுக்கு வந்தவங்க, அபார்ட்மென்ட் செகரட்டரிங்க, எல்லாரும் அனுப்பறது ஒரே போட்டோதான்: பச்சைத் தண்ணி, மேல வேப்பிலை. ஸ்விம்மிங் பூல் மெயின்டனன்ஸ்தான் எனக்குச் சோறு போடுது, ஆனா எந்தக் கம்பெனி மருந்தையும் நான் விக்கலை. அதனால மனசுல பட்டதைச் சொல்றேன்.

நீலாங்கரை: சார், அப்பா அம்மா காலமான பிறகு வீடு ரெண்டு வருஷமாப் பூட்டிக் கிடக்கு. பூல்ல ரெண்டாவது படியே தெரியலை. முப்பதுக்குப் பதினஞ்சு அடி, ஆழம் 3லேர்ந்து 6 அடி. மொத்தமா இறைச்சுட்டு டேங்கர் தண்ணி விட்டுடலாம்னு வாட்ச்மேன் சொல்றார்.

இறைக்காதீங்க சார். அதுவும் இந்த மாசத்துல வேண்டவே வேண்டாம். மழை முடிஞ்ச கையோட கடலோரப் பக்கம் நிலத்தடி நீர் சில அடியிலேயே நிக்கும். உங்க பூல் சராசரி ஆழம் 4.5 அடின்னு வெச்சா 2,025 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக சுமார் 57,000 லிட்டர். அதாவது 57 டன் பாரம் பூலை அமுக்கிப் பிடிச்சுட்டு இருக்கு. காலி அண்டாவைத் தண்ணித் தொட்டியில அமுக்கிட்டுக் கையை எடுத்துப் பாருங்க, என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். கீழேர்ந்து தண்ணி தள்ளும். டைல்ஸ் பெயரும், தரை விரியும், எஃப்ஆர்பி (ஃபைபர்) பூலா இருந்தா முழுசா மேலே எழும்பிடும். கண்டிப்பா இறைச்சே ஆகணும்னா கோடையில, பக்கத்துக் கிணத்துத் தண்ணி பூல் தரைக்குக் கீழே இறங்கியிருக்கான்னு பார்த்துட்டுச் செய்யலாம்.

இருக்கற தண்ணியையே மீட்டுடலாம். முதல்ல மோட்டாரைத் தொடாதீங்க. இலை, சேறு எல்லாம் பைப்புல போய் அடைச்சுக்கும். ஆழமான வலையால அடியில கிடக்கறதை அள்ளுங்க. கண்ணுக்குத் தெரியாது, தடவித் தடவித்தான் எடுக்கணும். இந்த வேலைக்குச் சலிச்சுக்கிட்டு மருந்தை மட்டும் கொட்டறவங்க பாதிக் குளோரினை மக்கின இலைக்கே தாரை வார்க்கறாங்க.

அப்புறம் பிஹெச், அதாவது தண்ணியோட அமில-காரத் தன்மை. அதை 7.2 கிட்ட கொண்டு வாங்க. 7.5ல பாதிக் குளோரின்தான் வீரியமா இருக்கும், 8க்குப் போனா கால் பங்கு. நம்ம போர் தண்ணி பெரும்பாலும் மேலேதான் நிக்கும், ஆசிட் தேவைப்படும். அது சரியான பிறகு, வெயில் தாழ்ந்து குளோரின் போடுங்க. உங்க அளவுக்கு 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் சுமார் 880 கிராம் போட்டா குளோரின் 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) ஏறும். 10 சதவீத திரவ ஹைப்போன்னா (சோடியம் ஹைப்போகுளோரைட்) 5.7 லிட்டர். திரவத்தைப் புதுசா வாங்குங்க, நம்ம வெயில்ல கேன் நாள்பட்டா வீரியம் இறங்கிடும். தண்ணி இவ்வளவு கெட்டுப் போயிருந்தா ஒரு தடவையில தீராது. ராத்திரி போட்டது காலையில காணாமப் போயிருக்கும், மறுபடி போடணும். சுவர், படி, மூலை எல்லாத்தையும் தினமும் பிரஷ் போட்டுத் தேய்க்கணும், ஃபில்டர் இருபத்துநாலு மணி நேரமும் ஓடணும். பிரஷர் வழக்கத்தை விட 8-10 பிஎஸ்ஐ ஏறினா பேக்வாஷ், அதாவது தண்ணியைத் திருப்பி விட்டு ஃபில்டரைக் கழுவணும்.

மடிப்பாக்கம்: அண்ணா, மயில்துத்தம் போட்டா ஒரே நாள்ல பாசி போயிடும்னு ஹார்ட்வேர் கடையில சொன்னாரே?

கொஞ்சம் சாகும் தம்பி, பொய்யில்லை. ஆனா செம்பு தண்ணியிலேயே தங்கிடும், பிஹெச் ஏறினா சுவர்ல கறையா உட்காரும். பாட்டி இறங்கினா நரைமுடி பச்சை பூக்கும். செத்த பாசியையும் அழுக்கையும் அது எரிக்காது, அதுக்குக் குளோரின்தான் வேணும். அந்தத் தண்ணியை மீன் இருக்கற குட்டையில விட்டா மீனும் போச்சு.

ஈஞ்சம்பாக்கம்: சார், மூணு நாளா டிசிசிஏ 90 (ட்ரைகுளோர்ங்கற குளோரின் மருந்து) கொட்டறேன். டெஸ்ட் கிட்ல சொட்டு விட்டா ஒரு நொடி ரோஸ் கலர் வந்து உடனே வெள்ளையாயிடுது. குளோரினே ஏறலைன்னு இன்னும் போடட்டுமா?

நிறுத்துங்க! உங்க கிட் டிபிடி வகை. குளோரின் ரொம்ப அதிகமா இருந்தா அந்த ரோஸ் நிறத்தையே அது வெளுத்துடும். பார்க்க பூஜ்யம் மாதிரி இருக்கும், உண்மை நேர் எதிர். ஒரு பங்கு பூல் தண்ணிக்கு நாலு பங்கு ஆர்ஓ தண்ணி கலந்து டெஸ்ட் பண்ணுங்க, வர்ற எண்ணை அஞ்சால பெருக்குங்க. மஞ்சள் நிறம் காட்டற ஓடிஓ கிட்னா வேற கதை. அது வேலை செஞ்சு முடிச்ச குளோரினையும் சேர்த்துக் காட்டும், அதை நம்பி முடிவெடுக்க முடியாது.

குளோரின் நிறைய இருந்தும் பச்சை போகலையேன்னு அடுத்து கேட்பீங்க. அதுக்குக் காரணம் டிசிசிஏதான். சென்னையில எல்லாரும் அதைத்தான் போடறாங்க, வெயில்ல நிக்கும், கையாள லேசு, நானும் போடறேன். ஆனா அதுகூடவே சயனூரிக் ஆசிட் வருது. 10 பிபிஎம் குளோரினுக்குக் கிட்டத்தட்ட 6 பிபிஎம். தினமும் 2 பிபிஎம் போட்டா மாசத்துக்கு 36. இது ஆவியாகாது, ஃபில்டர்ல நிக்காது, வெயில்ல போகாது. மழை பெஞ்சு வழிஞ்சாத்தான் குறையும். ஜனவரிலேர்ந்து மழையில்லாம மே வரைக்கும் ஓட்டினா 100ஐத் தாராளமாத் தாண்டும். இது கொஞ்சம் இருந்தா வெயில்லேர்ந்து குளோரினைக் காப்பாத்தும், அதிகமானா அதையே கட்டிப் போட்டுடும். பாசியைக் கொல்லணும்னா சயனூரிக் அளவுல 40 சதவீதம் குளோரின் நிக்கணும்: 30 இருந்தா 12 போதும், 100 இருந்தா 40 வேணும். அதனால முதல்ல சயனூரிக் டெஸ்ட் பண்ணுங்க. 100க்கு மேலேன்னா குளோரினுக்குச் செலவழிக்கறதை விட்டுட்டு, பாதித் தண்ணியை மட்டும் மாத்துங்க, அளவும் பாதியாகும். பாதி நிறைஞ்சிருக்கற பூலுக்குக் கீழேர்ந்து வர்ற ஆபத்து குறைச்சல்தான், இருந்தாலும் மழைக்காலத்துல கொஞ்சம் கொஞ்சமா மாத்தறது நல்லது. பாசி போகற வரைக்கும் டிசிசிஏ வேண்டாம், திரவ ஹைப்போ போடுங்க.

தாம்பரம்: அக்கா வீட்டு வாட்ச்மேன் ஒரே பக்கெட்டுல டிசிசிஏவும் கால்சியம் ஹைப்போவும் போட்டுக் கலக்கினார். புகை வந்து ஓடிட்டார். இது சாதாரணமா?

அவர் பிழைச்சது பெரிய விஷயம். ரெண்டும் குளோரின்தானேன்னு நினைக்கறாங்க, ஆனா ரெண்டும் கலந்தா தீப்பிடிக்கும், வெடிக்கும், குளோரின் வாயு வரும். ஈரம் பட்டா இன்னும் மோசம். ஒண்ணை அள்ளின கரண்டியை இன்னொரு டப்பாவுல விடறது கூட ஆபத்து. ஆசிட்டையும் எந்தக் குளோரின் கிட்டவும் வைக்காதீங்க, தனி அலமாரி வேணும். பக்கெட்டுல முதல்ல தண்ணி, அப்புறம்தான் மருந்து. மருந்து மேல தண்ணி ஊத்தக் கூடாது. வாட்ச்மேன் கிட்ட வாயால சொன்னா மறந்துடுவார், மோட்டார் ரூம் சுவர்ல பெரிய எழுத்துல தமிழ்ல எழுதி ஒட்டுங்க. இருமலோ மூச்சுத் திணறலோ அவருக்கு இருந்தா இன்னிக்கே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க.

மேடவாக்கம், அபார்ட்மென்ட் சங்கம்: போர் தண்ணி நிரப்பும்போது கண்ணாடி மாதிரி இருந்தது. குளோரின் போட்ட மறுநாள் டிகாஷன் கலர்.

இரும்பு. தண்ணியில கரைஞ்சு இருந்ததைக் குளோரின் துருவாக்கி வெளியே காட்டிடுச்சு. இது பாசி இல்லை, மேலே மேலே குளோரின் போடறதுல பிரயோஜனம் இல்லை. பிஹெச்சைச் சரி பண்ணி ஃபில்டரை ஓட்டி அடிக்கடி பேக்வாஷ் பண்ணுங்க. அடுத்த தடவை போர் தண்ணியை டெஸ்ட் பண்ணிட்டு நிரப்புங்க.

கொட்டிவாக்கம்: சார் சொன்ன மாதிரி எல்லாம் பண்ணி பச்சை போச்சு. ஆனா நாலஞ்சு நாளாப் பால் கலந்த மாதிரியே இருக்கு.

சந்தோஷப்படுங்க மேடம், அது செத்த பாசி. துகள் ரொம்பப் பொடி, மணல் ஃபில்டர்ல நழுவிப் போகும். அவசரம் இல்லைன்னா ஓட விட்டுட்டே இருங்க, பிடிச்சுடும். அவசரம்னா படிகாரம் இல்லேன்னா பிஏசி (பாலி அலுமினியம் குளோரைட்). படிகாரம் ஆயிரம் லிட்டருக்கு 40-50 கிராம், பக்கெட்டுல கரைச்சுப் பரவலா ஊத்துங்க. வால்வை ரீசர்குலேட்ல (ஃபில்டருக்குப் போகாம தண்ணி சுத்தற நிலை) வெச்சுக் கொஞ்ச நேரம் ஓட்டிட்டு மோட்டாரை நிறுத்திடுங்க. காலையில எல்லாம் அடியில வெள்ளைப் போர்வையாப் படிஞ்சிருக்கும். இங்கதான் பாதிப் பேர் கெடுத்துக்கறாங்க: வாக்குவம் பண்ணும்போது வால்வு "வேஸ்ட்"ல (தண்ணி நேரா வெளியே போற நிலை) இருக்கணும். "ஃபில்டர்"ல வெச்சா படிஞ்சது மணல்ல போய்க் கட்டியாகும், மிச்சம் திரும்பப் பூலுக்கே வரும். வாக்குவம் தலையை ஆமை வேகத்துல நகர்த்துங்க, வேகமா இழுத்தா கிளம்பிடும், மறுபடி ஒரு ராத்திரி காத்திருக்கணும். வால்வைத் திருப்பும்போதெல்லாம் மோட்டார் ஆஃப்ல இருக்கணும். படிகாரம் பிஹெச்சை இறக்கும், முடிச்சதும் பார்த்துக்கோங்க. மணல் மாத்தி ஏழு வருஷம் தாண்டியிருந்தா அதையும் கவனிங்க.

அதே தெரு, பக்கத்து வீட்டிலேர்ந்து: அந்த வேஸ்ட் தண்ணியை மழைநீர் வடிகால்ல விடறாங்களே, சரியா?

சரியில்லை. வடிகால் கடைசியில ஆத்துலயோ கடல்லயோதான் சேருது. மருந்து போடறதுக்கு முன்னாடி உள்ள பச்சைத் தண்ணின்னா தென்னைக்கு விடலாம், உப்பு இல்லாம இருந்தா. குளோரின் உள்ளதைத் தனியா நிறுத்தி வெயில்ல ரெண்டு மூணு நாள் விட்டு, டெஸ்ட்ல ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்ச பிறகு செடிக்கு.

வளசரவாக்கம்: கொசுப்புழு நெளியுதுன்னு மாநகராட்சி ஆள் எச்சரிச்சுட்டுப் போனார். ஆள் வந்து சுத்தம் பண்ண பத்து நாள் ஆகும்.

பத்து நாள்ல முட்டை கொசுவாகிப் பறந்துடும். மலேரியாவைப் பரப்பற அனாஃபிலஸ் ஸ்டீஃபன்சை கொசு சென்னை மாதிரி ஊர்ல கிணறு, தொட்டி, இந்த மாதிரி நின்ன தண்ணியிலதான் முட்டையிடும். மாநகராட்சி ஆளையே கேளுங்க, புழுக்கொல்லி மருந்து அவங்ககிட்ட இருக்கும். கொசுப்புழுவைத் தின்னற கம்பூசியா மீன் விடலாம், ஆனா அதுக்கப்புறம் குளோரின் போட்டா மீன் செத்துடும், ரெண்டுல ஒண்ணுதான். பூலைச் சுத்தி நிக்கற பக்கெட், பூந்தொட்டித் தட்டு, சுருட்டி வெச்ச தார்ப்பாய் மடிப்பு எல்லாத்தையும் இன்னிக்கே கவிழ்த்துடுங்க. டெங்கு கொசுவுக்கு அதுதான் பிடிச்ச இடம்.

பனையூர்: பாம்பு இருக்கு!

பெரும்பாலும் தவளை தின்ன வந்த தண்ணிப் பாம்பா இருக்கும், அதுக்கு விஷம் கிடையாது. ஆனா போட்டோவைப் பார்த்து நான் உறுதி சொல்ல மாட்டேன். வனத்துறைக்குப் போன் போடுங்க, அவங்க வர்ற வரைக்கும் வலையோட யாரும் இறங்க வேண்டாம். சுவரோரமா ஒரு பலகையைச் சரிவா வெச்சா அதுவே ஏறிப் போகவும் வாய்ப்பு இருக்கு.

திருவான்மியூர்: பேரப்பசங்க லீவுக்கு வர்றாங்க ஐயா. எப்ப இறங்கலாம்?

மூணும் ஒண்ணா இருக்கணும் அம்மா. ஆழமான பக்கத்துல அடியில இருக்கற டிரெயின் மூடி மேலேர்ந்து பளிச்னு தெரியணும். ராத்திரி குளோரின் அளந்து, விடியறதுக்கு முன்னாடி அளந்தா 1 பிபிஎம்முக்கு மேல குறைஞ்சிருக்கக் கூடாது. அப்புறம் குளோரின் 1-3க்கும், பிஹெச் 7.2-7.6க்கும் வரணும். முதல் நிபந்தனையை அழகுக்காகச் சொல்லலை. கலங்கின தண்ணியில குழந்தை மூழ்கினா கரையில நிக்கறவங்களுக்குத் தெரியாது. 2024ல கேரளாவுல மூளையைத் தாக்கற அமீபாவால குழந்தைங்க இறந்தது ஞாபகம் இருக்கும். அது வெதுவெதுப்பான நன்னீர்ல இருக்கும், மூக்கு வழியாத்தான் ஏறும். குளோரின் சரியா இருக்கற பூல்ல அது நிக்காது. பசங்க வந்துட்டாங்களேன்னு ரெண்டு நாள் முன்னாடியே இறக்கிடாதீங்க, பீச்சுக்குக் கூட்டிட்டுப் போய் மணல்ல விளையாட விடுங்க.

உத்தண்டி: நாங்க ஆறு மாசம் பொண்ணு வீட்டுக்கு அமெரிக்கா போறோம். திரும்பி வரும்போது பச்சை இல்லாம இருக்க என்ன வழி?

மோட்டாருக்கு டைமர் போட்டு தினமும் ஆறு மணி நேரமாவது ஓட விடுங்க. கரன்ட் போய் வந்தாலும் நேரம் மறக்காத, பேட்டரி உள்ள டைமரா வாங்குங்க. புயல் நாள்ல ரெண்டு மூணு நாள் கரன்ட் இல்லாமப் போனா பாசி வந்தே தீரும், அதனால திரவ ஹைப்போ எங்கே கிடைக்கும், எவ்வளவு ஊத்தணும்னு ஒருத்தருக்காவது பழக்கிட்டுப் போங்க. வாரம் ஒரு தடவை பூலோட போட்டோவும் ஃபில்டர் பிரஷர் மீட்டர் போட்டோவும் வாட்ஸ்அப்ல வரணும்னு சொல்லுங்க. பூல் போட்டோ மட்டும் வாங்காதீங்க, நல்லா இருக்கும்போது எடுத்ததையே திரும்பத் திரும்ப அனுப்பிடுவாங்க. மீட்டர் முள்ளு வாராவாரம் ஒரே இடத்துல அசையாம நின்னா எனக்கு ஒரு போன் போடுங்க.