பதில்: தியானத்துல உக்காந்தா கை தானா போனுக்குப் போயிடுது

பத்து நிமிஷம் கண்ணை மூடி உக்காந்தா பாதியிலயே கை போனை எடுத்துடுது, எடுத்ததே ஸ்கிரீன் வெளிச்சம் பட்டப்புறம்தான் தெரியுதுன்னு எழுதியிருக்கீங்க. எனக்கும் அதே கதைதான் ப்ரோ.

1983ல பெஞ்சமின் லிபெட்னு ஒரு அமெரிக்க மூளை விஞ்ஞானி பண்ண சோதனையில, கையை அசைக்கணும்னு ஆளுக்குத் தோணறதுக்கு சுமார் 0.35 நொடி முன்னாடியே மூளையில அதுக்கான மின்சலனம் ஆரம்பிச்சிருந்துச்சு. அதுக்கு என்ன அர்த்தம்னு இன்னும் அடிச்சுக்கிட்டுதான் இருக்காங்க, அது கிடக்கட்டும்.

கையைத் தடுக்கப் பாக்காதீங்க, அதுக்கு முன்னாடி உடம்புல என்ன நடக்குதுன்னு பாருங்க. எனக்கு மொதல்ல தாடை இறுகும், மூச்சு நெஞ்சுக்கு மேலயே நிக்கும், கட்டைவிரல்ல லேசா ஒரு குறுகுறுப்பு, இதைக் கண்டுபிடிக்கவே மூணு வாரம் ஆச்சு. அது வந்ததும் மனசுக்குள்ள 'இறுக்கம், இறுக்கம்'னு சொல்லிட்டு விட்டுடுங்க, மியான்மரோட புத்த பிக்கு மகாசி சயாடோ சொல்லிக்கொடுத்த தியான வழியில இப்படித்தான் பேர் வைக்கச் சொல்வாங்க. அப்பவும் எடுத்துட்டீங்கன்னா பரவால்ல, எடுத்தது தெரிஞ்சுச்சே, அதுவும் கணக்குதான்.

ஆனா பழைய பயம் ஏதாவது பொங்கி வந்து தூக்கமே போச்சுன்னா தனியா இழுத்துக்கிட்டு இருக்காதீங்க, கவுன்சலர் ஒருத்தரைப் பாருங்க.

ஆமா, எந்த நேரத்துல உக்காருறீங்கன்னு சொல்லவே இல்லையே, தூங்கறதுக்கு முன்னாடியா?