போட்டோ கண்டிப்பாக உதவும், ஆனால் எதை எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்

"வண்டி திருடு போனால் உதவும் என்று முன்கூட்டியே போட்டோ எடுத்து வைக்கச் சொல்கிறார்களே, உண்மையிலேயே பயன் உண்டா, எதையெல்லாம் எடுக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. நான் பட்ட பிறகு சொல்கிறேன்.

குன்னூர் பக்கம் எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே, நாற்பது படி இறங்க வேண்டும். இங்கே பாதிப் பேருக்கு இதே கதைதான், வண்டி மேலே ரோட்டோரம், ஆள் கீழே வீட்டில். ஒரு மழை நாள் காலையில் மேலே ஏறி வந்தால் என் கறுப்பு ஸ்பிளெண்டர் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல் எல்லாம் வண்டியின் சைடு பாக்ஸிலேயே இருந்தன, அதுவும் சேர்ந்து போய்விட்டது.

காவல் நிலையத்தில் ஏட்டய்யா கேட்டது இதுதான்: "தம்பி, நம்பரை வச்சு சேஸிஸ் நம்பரை நாங்க எடுத்துக்கிறோம். உன் வண்டிக்குன்னு ஏதாவது அடையாளம் இருக்கா?" (சேஸிஸ் நம்பர் என்றால் கம்பெனி வண்டியின் பிரேமில் அடித்துத் தரும் எண்.) எனக்கு நாக்கு எழவில்லை. தினமும் ஓட்டிய வண்டி, ஆனால் எந்தப் பக்கம் கீறல் என்று கேட்டால் தெரியவில்லை. போனில் தேடினால் வண்டிப் படம் ஒன்றுகூட இல்லை. கடைசியில் என் அக்காதான், தந்தி மாரியம்மன் கோயில் திருவிழாவன்று தன் மகள் வண்டிமேல் உட்கார்ந்திருந்த படத்தை அனுப்பினாள். அதில் பின்னாடி கேரியரின் ஒரு கம்பி உடைந்து வெல்டிங் வைத்த இடம், பக்கத்தில் பச்சைப் பெயின்ட் சொட்டு, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

ஒன்றரை மாதம் கழித்து கீழே சமவெளியில் ஒரு ஸ்டேஷனிலிருந்து தகவல் வந்தது. அங்கே மூன்று கறுப்பு ஸ்பிளெண்டர், மூன்றிலும் நம்பர் பிளேட் வேறு, ஒன்றில் சேஸிஸ் எண்ணின் கடைசி நாலு இலக்கம் அரத்தால் ராவியிருந்தது. அந்த வெல்டிங்கைப் பார்த்துத்தான் இது என்னுடையது என்று காட்டினேன். அப்புறம் அவர்கள் எஞ்சினில் படிந்திருந்த சேற்றைத் துடைத்து எண்ணைப் பார்க்க, பதிவோடு ஒத்துப்போனது.

அதனால் அழகாக ஒரு சைடு போஸ் எடுத்து வைப்பதோடு நிறுத்தாதீர்கள். நாலு பக்கமும் பகல் வெளிச்சத்தில் எடுங்கள், சரி, அது ஐந்து நிமிட வேலை. அதைவிட முக்கியம் சேஸிஸ் எண். பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்துப் பகுதியில் அடித்திருப்பார்கள், ஸ்கூட்டரில் மாடலுக்கு மாடல் இடம் மாறும், மெக்கானிக்கிடம் கேட்டால் காட்டுவார். நம் ஊர் மழைக்கும் பனிக்கும் அந்த இடம் துரு ஏறி எழுத்தே தெரியாமல் கிடக்கும். பழைய டூத் பிரஷ்ஷில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸைத் தடவினால் பள்ளத்தில் வெள்ளை நின்று பதினேழு எழுத்தும் பளிச்சென்று வரும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து எடுங்கள். எஞ்சின் எண்ணும் அப்படியே. எண் பதிவில் இருக்கத்தானே செய்கிறது, படம் எதற்கு என்று தோன்றலாம். ராவிவிட்டு வேறு எண் அடித்திருந்தால், முதலில் அது எப்படி இருந்தது என்று காட்ட உங்கள் படம் இருக்கும். 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த வண்டி என்றால் நம்பர் பிளேட்டில் லேசரில் பொறித்த எண் ஒன்று சின்னதாக இருக்கும், அதையும் கிட்டப்போய் எடுங்கள். கீறல், ஒட்டு, மாற்றிய கண்ணாடி, நீங்களே போட்ட நட்டு, எதையும் விடாதீர்கள்.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும், எடுத்த தேதி விவரமும் போய்விடும். டாக்குமென்டாக வீட்டில் இன்னொருவருக்கு அனுப்புங்கள், போனும் வண்டியும் சேர்ந்தே தொலைந்தால்கூட அது இருக்கும். ஆர்.சி.யை அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் ஏற்றிவிடுங்கள். சாவியைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் மட்டும் போடாதீர்கள், படத்தை வைத்தே வெட்டிவிட முடியும். அசல் சாவி இரண்டையும் பத்திரமாக வையுங்கள், இன்சூரன்ஸ் கிளெய்மில் கேட்பார்கள். மற்றவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும் எடுக்கும் வெறும் தேர்டு பார்ட்டி பாலிசிக்குத் திருட்டு இழப்பீடு கிடையாது என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு அனுகூலம் உண்டு. இறங்கும் வழி விரல் விட்டு எண்ணக்கூடியதுதான், முக்கியமாக பர்லியார், குஞ்சப்பனை, நாடுகாணி, கக்கநல்லா, மஞ்சூர் வழி. அவசர எண் 112-க்குக் கூப்பிட்டுச் சொல்லி, கையோடு படத்தையும் கொடுத்தால், வண்டி செக்போஸ்ட்டைத் தாண்டுவதற்குள் தகவல் போய்ச் சேர வாய்ப்பிருக்கிறது. எனக்கு அந்த முதல் நாலு மணி நேரம் படம் தேடுவதிலேயே போனது.

கிடைத்த வண்டி கோர்ட் வழியாகத்தான் கைக்கு வரும். ஸ்டேஷனில் வருஷக்கணக்கில் துருப்பிடிக்க விடாமல், போட்டோவும் பிணைப் பத்திரமும் எடுத்துக்கொண்டு உரியவரிடம் கொடுத்துவிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லியிருக்கிறது, அதைச் சொல்லி மனு போடும்படி வக்கீலிடம் சொல்லுங்கள். என் வண்டி திரும்பி வந்த அன்றே அக்காவின் ஸ்கூட்டருக்கும் சேர்த்துப் படம் எடுத்துவிட்டேன், மொத்தம் இருபத்திரண்டு. அந்தப் பச்சைப் பெயின்ட் சொட்டை இன்னும் துடைக்கவில்லை.