முதல் நாளே முடித்து வைக்கும் இனிப்புகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மாலை ஆறு மணிக்கு நண்பர்கள் வருகிறார்கள் என்றால், ஐந்தரை மணிக்கு நீங்கள் அடுப்படியில் நிற்கக் கூடாது. அவர்கள் பார்க்க வருவது உங்களைத்தான். இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு சிக்கலைப் பற்றியே இருந்தன. இனிப்புகளில் இரண்டு வகை உண்டு. ஓர் இரவு காத்திருந்தால் சுவை ஏறுவது ஒன்று, காத்திருந்தால் தண்ணீர் விட்டுக் கறுத்துப் போவது மற்றொன்று. முதல் வகையைத் தேர்ந்துகொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

அக்கா, எட்டுப் பேருக்கு முதல் நாளே செய்து வைக்கக்கூடிய, கைவிடாத ஓர் இனிப்பைச் சொல்லுங்கள். (தலவாக்கலை)

வட்டலப்பம். வேறு எதையும் நான் யோசிக்க மாட்டேன். மலாயர் வழியாக இந்தத் தீவுக்கு வந்ததாகச் சொல்லப்படும் பண்டம் இது. முஸ்லிம் வீடுகளில் பெருநாள் என்றால் இது இல்லாமல் இராது. செய்த அன்றைக்கு நன்றாக இருக்கும், மறுநாள் அதைவிட நன்றாக இருக்கும். ஏலமும் கித்துள் பனையின் கருப்பட்டியும் ஒன்றுக்குள் ஒன்று இறங்க ஓர் இரவு வேண்டும்.

கித்துள் கருப்பட்டி 250 கிராம், முட்டை ஐந்து, கெட்டியான தேங்காய்ப்பால் 250 மில்லிலீற்றர், ஏலக்காய் நான்கு, சாதிக்காய்த் தூள் ஒரு சிட்டிகை. கருப்பட்டியைச் சீவி, கொஞ்சம் தேங்காய்ப்பாலில் இளஞ்சூட்டில் கரைத்து வடிகட்டுங்கள். மண்ணும் நாரும் அதில்தான் நிற்கும். முழுதாக ஆறிய பிறகே முட்டையைச் சேர்க்க வேண்டும். நுரை எழ அடிக்காதீர்கள், கலந்தால் போதும். மிச்சப் பாலையும் ஏலத்தையும் சாதிக்காயையும் சேர்த்து இன்னொரு முறை வடித்து, எட்டுச் சிறு கிண்ணங்களில் ஊற்றி, மெல்லிய தீயில் ஆவியில் வையுங்கள். மூடியைத் துணியால் கட்டாவிட்டால் ஆவிநீர் மேலே சொட்டிக் குழி விழும்.

நேரத்தில்தான் நம் மலையக ஊர்க்காரர்கள் தடுமாறுகிறார்கள். கடலோரக் கொழும்பில் எழுதிய செய்முறையில் இருபது நிமிடம் என்று இருக்கும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும், ஆவியின் சூடும் அவ்வளவுதான். தலவாக்கலையில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அவ்வளவே. ஆகவே சிறு கிண்ணத்துக்கு இருபத்தைந்து, முப்பது நிமிடம் வையுங்கள், ஒரே பாத்திரம் என்றால் ஒரு மணி நேரம். இந்தக் குறைந்த சூடு முட்டைக்கு நல்லதுதான், தீ மிஞ்சினால் வட்டலப்பம் முழுக்கத் துளை விழும். துளை விழுந்ததைத்தான் பிடிக்கும் என்பவர்களும் உண்டு. எனக்கு அது வழுவழுப்பாக இருக்க வேண்டும். கத்தி நுனியைச் செருகிப் பாருங்கள், சுத்தமாக வந்தால் இறக்கலாம். ஆறியதும் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். வறுத்த கஜுவைப் பரிமாறும்போது தூவுங்கள், முன்பே போட்டால் சவுத்துப் போகும்.

எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. இந்த ஊர்க் குளிரே போதாதா? (இராகலை)

போதாது. கை விறைக்கும் குளிரில் நின்று இதைக் கேட்கும்போது போதும் என்றுதான் தோன்றும். ஆனால் பாலும் முட்டையும் சேர்ந்த பண்டம் இரவு முழுக்கக் கெடாமல் இருக்க வேண்டுமானால் 5 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியே ஏறத்தாழ 16 பாகை. தை, மாசியில் புல்லில் உறைபனி விழும் இரவிலும் அடுப்பு எரிந்த சமையலறை அந்தக் குளிருக்கு வராது. ஆகவே வட்டலப்பம், கஸ்டர்ட், புட்டிங் எதையும் நீங்கள் முதல் நாள் செய்து வெளியில் வைக்க வேண்டாம்.

அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. உங்களுக்கு ஏற்றது கடல்பாசி, அதாவது காய்ந்த இழையாகக் கிடைக்கும் அகர்-அகர். அது சாதாரண அறைச் சூட்டிலேயே உறையும், உறைந்த பிறகு மேசையில் கிடந்தாலும் உருகாது. நம்மிடம் மலை மலையாக இருப்பதைக் கொண்டே செய்யலாம்: தேயிலை ஜெலி. நான்கு பேர் கேட்டால் நான்கு பேருக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

கடல்பாசி இழை 10 முதல் 12 கிராம் எடுத்து அரை மணி நேரம் ஊற வையுங்கள். அரை லீற்றர் தண்ணீரில் ஓர் இழைகூடத் தெரியாத வரை கொதிக்க விடுங்கள். இது 85 பாகைக்கு மேல்தான் நன்றாகக் கரையும், நம் உயரத்தில் கொதிநீர் அதைவிட வெகுவாக மேலே இல்லை. அதனால் பொறுமை வேண்டும், தீயைக் குறைக்காதீர்கள். இன்னோர் அரை லீற்றர் தண்ணீரில் ஐந்து தேக்கரண்டி தேயிலையும் தட்டிய இஞ்சியும் போட்டு, ஐந்து நிமிடம் மூடி வைத்து வடியுங்கள். அதற்கு மேல் ஊறினால் கசக்கும். சூட்டோடு இரண்டையும் கலந்து, சீனி 150 கிராம் கரைத்து, நனைத்த தட்டில் ஊற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் வில்லை போடலாம். காலையில் செய்தால் மாலைக்குத் தாங்கும். பரிமாறும்போது மேலே டின்பாலை (இனிப்பான கட்டிப்பால்) கொஞ்சம் விடுங்கள், டின்னை அப்போதுதான் திறக்க வேண்டும். பால் விடுவதானால் தேசிக்காய் சேர்க்காதீர்கள், திரிந்துவிடும். பாலே வேண்டாம் என்றால், அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு தேசிப்புளி விடலாம். கொதிக்கும்போது விட்டால் புளிப்பு கடல்பாசியின் உறைவைத் தளர்த்தும். தேயிலைச் சாயம் ஆறும்போது சற்றே கலங்குவது இயல்பு, கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

எள்ளுருண்டை, தேங்காய் டொபி, பால் டொபி ஆகியவையும் உங்களுக்குப் பொருந்தும். இவற்றை இரண்டு நாள் முன்பே செய்து டின்னில் அடைக்கலாம்.

அன்னாசி போட்ட ஜெலி இரண்டு முறை செய்தும் உறையவில்லை. ஜெலித்தூள் பழையதாக இருக்குமோ? (பண்டாரவளை)

தூள் மீது பிழை இல்லை, பச்சை அன்னாசிதான் காரணம். அதிலுள்ள ஒரு நொதி, ஜெலித்தூளை உறைய வைக்கும் ஜெலற்றினின் புரதத்தை அரித்துவிடுகிறது. எத்தனை மணி நேரம் வைத்தாலும் அது தண்ணீராகவே நிற்கும். பச்சைப் பப்பாசியும் அப்படியே. துண்டுகளைச் சீனியோடு ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து ஆறவிட்டுப் போடுங்கள், நொதி அழிந்துவிடும். டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடுபட்டது, அதை அப்படியே போடலாம். கடல்பாசிக்கு இந்தத் தொல்லை இல்லை. தவிர, ஜெலற்றின் விலங்கிலிருந்து எடுப்பது. சைவ நண்பர்கள் வருகிறார்கள் என்றால் கடல்பாசியே உத்தமம்.

பிஸ்கட் புட்டிங்கில் பட்டர் கட்டி கட்டியாக நிற்கிறது, பிஸ்கட்டோ கூழாகிவிடுகிறது. (ஹட்டன்)

பட்டர் கட்டியாக நிற்பது குளிரால். இங்கே மேசையில் வைத்தாலும் பட்டர் இளக வெகு நேரம் ஆகும். கிண்ணத்தைக் கைபொறுக்கும் சுடுநீரில் ஐந்து நிமிடம் வைத்து, உருகாமல் இளக விடுங்கள். அதன் பிறகு ஐசிங் சீனியையும் கொக்கோத் தூளையும் சலித்துச் சேர்த்து அடியுங்கள். பாலைக் குளிராக ஊற்றினாலும் திரளும், இளஞ்சூட்டில் ஒவ்வொரு கரண்டியாக விடுங்கள். பிஸ்கட்டைப் பாலில் ஊற வைக்க வேண்டாம். போட்ட கையோடு எடுங்கள், மிச்ச ஈரத்தை அது இரவில் கலவையிலிருந்து இழுத்துக்கொள்ளும். சிலர் கலவைக்குப் பச்சை முட்டை சேர்ப்பார்கள். முதல் நாள் செய்து வைக்கும் பண்டத்தில் அதை நான் ஒருபோதும் சேர்க்க மாட்டேன்.

வருபவர்களில் ஒருவர் முட்டை சாப்பிட மாட்டார், இன்னொருவருக்கு நீரிழிவு. இரண்டு இனிப்புகள் செய்ய வேண்டுமா? (கொட்டகலை)

ஒன்றே போதும். ஒரு சட்டி எருமைத் தயிரை மெல்லிய துணியில் கட்டி, வடிதட்டில் வைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு விடுங்கள். காலையில் கிறீம் போல் திரண்டிருக்கும். அதைச் சீனி போடாமல் சிறு கிண்ணங்களில் வைத்து, கித்துள் பாணியைத் தனியே ஒரு குவளையில் மேசையில் வையுங்கள். வேண்டியவர்கள் வேண்டிய அளவு விட்டுக்கொள்வார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கித்துள் பாணி மரத்திலிருந்து வருவதால் நீரிழிவுக்காரருக்குத் தீங்கு செய்யாது என்று நம் வீடுகளில் பலர் நம்புகிறார்கள். அதுவும் சீனிதான், இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். நண்பருக்குத் தயிரோடு கொய்யாத் துண்டுகளை வையுங்கள். அவரைத் தனியாக உட்கார வைத்தது போலவும் இராது.

ஆனைக்கொய்யாவை மசித்து முதல் நாளே வைக்கலாமா? (வெலிமடை)

வேண்டாம், கறுத்துவிடும். தேசிப்புளி சேர்த்து, மேற்பரப்பில் காற்றுப் படாமல் பொலித்தீன் தாளை ஒட்டி மூடினால் மூன்று, நான்கு மணி நேரம் தாங்கும்.

ஸ்ட்ரோபெரி மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் சீனி போட்டு வைத்தால் சொதசொதவென்று ஆகிவிடுகிறது. (நானுஓயா)

சீனி பழத்தின் சாற்றை வெளியே இழுக்கிறது. பழத்தை இரண்டாகப் பிரியுங்கள். பாதியைச் சீனியும் தேசிப்புளியும் சேர்த்துப் பத்து நிமிடம் காய்ச்சி முதல் நாளே வைத்துவிடுங்கள். மறு பாதியைக் கழுவாமல் குளிரில் வைத்து, விருந்தினர் வரும் நேரத்தில் கழுவி நறுக்கிச் சேருங்கள். மேலே சொன்ன கட்டித் தயிரோடு இது வெகு பொருத்தம்.

சவ்வரிசிப் பாயசம் மறுநாள் களியாகிவிடுகிறது. (மாத்தளை)

அதன் குணம் அது. இறக்கும்போதே நீர்க்க வைத்திருங்கள், பரிமாறும் முன் சூடான பால் விட்டு இளக்குங்கள்.

நண்பர் வீட்டுக்கு நான்தான் இனிப்புக் கொண்டுபோக வேண்டும். கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வரை பஸ் பயணம். (கினிகத்தேனை)

அந்த வளைவுகளில் ஆடி அசையும் எதையும் எடுக்காதீர்கள். பால் டொபி செய்யுங்கள். ஒரு டின் கட்டிப்பால், சீனி 450 கிராம், கால் கோப்பைத் தண்ணீர், பட்டர் இரண்டு மேசைக்கரண்டி, நொறுக்கிய கஜு. அடிகனமான பாத்திரத்தில் கை எடுக்காமல் கிளறுங்கள். வெப்பமானியை நம்ப வேண்டாம், உயரம் கூடக் கூடப் பாகின் பதம் குறைந்த பாகையிலேயே வந்துவிடும். ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் இறங்கும். குளிர்ந்த நீரில் ஒரு துளி விட்டு உருட்டிப் பாருங்கள். மென்மையான உருண்டை திரண்டால் இறக்கி, கஜுவைப் போட்டு, பட்டர் தடவிய தட்டில் கொட்டிச் சமப்படுத்தி, சூடு ஆறும் முன்பே கத்தியால் கோடு போட்டுவிடுங்கள். முழுதாக ஆறிய பிறகு துண்டுகளைத் தாள் இட்டு அடுக்கி, மூடியுள்ள டின்னில் வைத்து மடியிலேயே கொண்டுபோகலாம்.