ஆரி ரவிக்கை பாதியில் நிற்கிறதா?

சகோதரி, சிங்கப்பூரின் மேற்கே ஜூரோங்கிலிருந்து கிழக்கே சாங்கிவரை வேலைக்குப் போய் வருவதில், தங்கை கல்யாணத்துக்கான ஆரி (கொக்கி ஊசியால் போடும் பூவேலை) ரவிக்கையைத் தொடவே முடியவில்லை என்கிறீர்கள். வாரநாளில் ஆரியை விட்டுவிடுங்கள். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, துணிக்கு மேலே ஒரு கையில் ஊசி, கீழே மறுகையில் நூல் என்று உட்காருவதற்குள்ளேயே அரைமணி ஓடிவிடும். அது ஞாயிற்றுக்கிழமை வேலை. சட்டத்தைக் கழற்றாமல் பழைய வேட்டியால் மூடி வையுங்கள். ஊசியை மட்டும் துணியில் குத்தி வைத்துவிடாதீர்கள். இந்த ஈரக்காற்றில் துருப்பிடித்து எனக்கு ஒரு பட்டே வீணானது.

கை சும்மா இருக்காது என்றால் எம்ஆர்டி ரயிலில் குரோஷே (ஒரே கொக்கியால் நூல் பின்னுவது) போடுங்கள். கொக்கியில் ஒரே கண்ணிதான். இறங்கும்போது அதைக் கொஞ்சம் பெரிதாக இழுத்துவிட்டுப் பைக்குள் போட்டால் போதும். இரட்டை ஊசிப் பின்னலில் வரிசை முழுக்க ஊசியில் தொங்கும், யாராவது இடித்தால் போச்சு. 4 மி.மீ. கொக்கியும் பருத்தி நூலும் போதும். கம்பளி நூல் இந்த வெக்கையில் பிசுபிசுக்கும்.

கல்யாணம் நெருங்கிவிட்டதா? முதுகுக்கு மட்டும் நீங்கள் ஆரி போடுங்கள். ரவிக்கையின் கைக்குத் தேக்கா (லிட்டில் இந்தியா) கடைகளில் ஜரிகைப் பட்டை வாங்கித் தைத்துவிடலாம். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், தங்கையைத் தவிர.